பலகைமேல் வைத்த போன்

ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடத்தில் புது டைரி கொடுத்தால், என் மகள் அதைப் பையிலிருந்து எடுத்து முதலில் என் கையில்தான் கொடுப்பாள். நான் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, டில்லியிலேயே மலைமேல் இருக்கிற முருகன் கோயிலுக்கு எடுத்துப் போய்ச் சன்னதியில் காட்டிவிட்டு வருவேன். அதற்குப் பிறகுதான் அதில் எழுதலாம். இது ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில் டைரியே கிடையாது. டில்லிக்கு வந்து, பிள்ளைக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த பிறகு, நானாக உண்டாக்கிக்கொண்டது.

"உங்க பொண்ணு டைரியைத் திறந்தாலே மஞ்சள் வாசனை" என்று அவளுடைய வகுப்பு மேடம் ஒருமுறை இந்தியில் சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷி. அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை.

அந்த இடம் கிடைத்ததைச் சொல்லவேண்டும். டில்லியில் பெரிய தனியார் பள்ளிக்கூடங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால் எட்டாம் வகுப்பு வரை இலவசம். நாங்கள் கோட்லாவில் ஒற்றை அறையில் இருக்கிறோம். நான் பக்கத்தில் கிட்வாய் நகரில் நம் தமிழ்க்காரர்கள் வீடுகளில் சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் அரசாங்கக் குடியிருப்புகளில் கரண்ட் வேலை பார்க்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் இருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்து கேட் வழியாக உள்ளே போவது குழாய் ரிப்பேருக்கோ குப்பை அள்ளவோதான். எங்கள் பெண் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள். குலுக்கலில் அவள் பெயரை விழவைத்தது முருகன்தான் என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

டைரி சாயங்காலம் பிள்ளையோடு கூடவே வீட்டுக்கு வரும். இன்னின்ன பாடம் எழுதணும், நாளைக்குக் கலர் பேப்பர் கொண்டுவரணும், வெள்ளிக்கிழமை டெஸ்ட், எல்லாம் அதில் இருக்கும். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் தமிழில் கையெழுத்துப் போடுவேன். இங்கிலீஷும் இந்தியும் நிறைந்த பக்கத்தில் தமிழ் எழுத்து அது ஒன்றுதான். என்ன எழுதியிருக்கிறது என்று மகள் படித்துச் சொல்வாள். அவள் சொல்வதைத்தான் நான் நம்பவேண்டும்.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதி வந்தது.

"இன்னாடி இது, சிவப்புல?"

"நான் கிளாஸ்ல நல்லா பேசுறேன்னு மேம் எழுதியிருக்காங்கம்மா."

சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மேடம் என்னைப் பார்த்ததும், "பகுத் பாத் கர்தீ ஹை! ரொம்பப் பேசுறா, பாடம் நடத்த விடுறதே இல்லை, எழுதி அனுப்பினேனே" என்றார். எனக்கு முகம் போன இடம் தெரியவில்லை. வெளியே வந்து காதைத் திருகினேன்.

"நல்லா பேசுறேன்னுதானே சொன்னே?"

"நல்லாத்தாம்மா பேசுறேன். கூட நிறையவும் பேசுறேன்."

அவள் அப்பா கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அப்படியே சிரித்தார். "உன் பொண்ணுதானே, வாய் எங்க போகும்?" என்றார். அந்த வாய் இந்தக் கதையில் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் எட்டாம் வகுப்புக்குப் போன ஏப்ரலில் டைரி வரவில்லை. மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "டைரி பந்த், ம்மா. இனிமே ஆப்தான்" என்றாள். பெற்றோர்களை எல்லாம் பெரிய ஹாலில் உட்காரவைத்து, ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரையில் காட்டினான். வீட்டுப்பாடம் ஆப்பில் வரும். பிள்ளை எழுதியதைப் போட்டோ எடுத்து ஆப்பிலேயே போடவேண்டும். நேரத்துக்குப் போட்டால் பச்சை, தவறினால் சிவப்பு. பள்ளிக்கூடத்துச் சேதி எல்லாமே அதில்தான். பேப்பர் மிச்சம், மரம் பிழைக்கும் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மரம் பிழைத்தால் நல்லதுதானே.

முடிந்ததும் அவனிடம் போய், எனக்குத் தெரிந்த இந்தியில், "நாங்க கையெழுத்து எங்கே போடணும்?" என்று கேட்டேன்.

"கையெழுத்தே வேண்டாம் மாதாஜி. நீங்க திறந்து பார்த்தாலே நீலமா ஒரு டிக் விழும். நீங்க பார்த்துட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அதே கூட்டத்தில் எங்களைப் போன்ற இலவச இடத்துக்காரர்களைத் தனியாக நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்கள். எட்டாவதோடு சட்டப்படி இலவசம் முடிகிறது. ஆனாலும் ஒழுங்காகப் படிக்கிற சில பிள்ளைகளை அப்படியே பன்னிரண்டு வரை வைத்துக்கொள்வோம். வருஷ நடுவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யும். வீட்டுப்பாடம், வருகை எல்லாம் பார்ப்போம். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று, இந்த ஒன்றைக் கொடுத்துவிடு, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். என் பெண் பன்னிரண்டு வரை அந்த கேட் வழியாகப் போகவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, போன் ஒன்று. அது காலையில் என் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும். எந்த ஃப்ளாட்டில் ஃபேன் ஓடவில்லை, எங்கே ஃபியூஸ் போயிற்று என்று கான்ட்ராக்டர் அதில்தான் அனுப்புவார். பார்த்து உடனே பதில் போடுகிறவனுக்கு வேலை. போடாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வீட்டுப்பாடம் மத்தியானம் ஆப்பில் வந்து விழும். அதைப் பார்க்கவேண்டியவள் வீட்டில் இருப்பாள். அது வந்த போன், லோதி ரோடு பக்கம் ஏதோ ஒரு மாடியில் அவர் சட்டைப்பையில் இருக்கும். விளக்கு வைத்தபிறகு அவர் வருவார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் ஓடிப்போய், ஆளைக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் கையை விடுவாள்.

"அப்பன் வந்தானான்னு பாக்க மாட்டா, போன் வந்ததான்னுதான் பாப்பா" என்று அவர் கேலி செய்வார். முதல் மாதம்தான் கேலி.

அவள் அதற்கு மேல் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்துப் போடுவதற்குள் நேரம் போயிருக்கும். எழுதியது முழுக்கச் சரியாக இருந்தாலும் சிவப்பு. தெரிந்த தோழிகளிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்றால், அவர்களுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும். டைரியில் மேடம் கையால் எழுதிய காலத்தில், "அம்மாவுக்கு ஜுரம், அதனால் எழுதவில்லை" என்று நான் தமிழில் எழுதினால்கூட மகள் வாசித்துக் காட்டுவாள், மேடம் "டீக் ஹை", சரி என்பார். ஆப்பில் அதற்கு இடமில்லை. கேள்வி கேட்கிற ஆளே அதில் இல்லை. நிறம் மட்டும் இருந்தது.

ஆடி மாதத்தில் வீட்டில் சண்டை வந்தது. போனை அவளிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவரும் விட்டார். பழைய பட்டன் போன் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனார். கான்ட்ராக்டர் அனுப்புகிற போட்டோவும் ஃப்ளாட் நம்பரும் அதில் வராது. வேலை எல்லாம் கூட இருந்த வேறொருவனுக்குப் போயிற்று. சில நாள் காலையில் போனவர் மத்தியானமே திரும்பி வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அவளுக்குப் பாடம் வேணும். சரி. வீட்டுக்குச் சோறு வேணாமா?" என்றார் ஒருநாள்.

"சோறு ஆக்குறவ நானு. எனக்குத் தெரியாதா? நாலு வீட்டுல ஆக்கிட்டுத்தான் இங்க வந்து ஆக்குறேன்."

"அப்ப நீயே எல்லாத்தையும் பாத்துக்க. நான் ஊருக்குப் போறேன்."

"போங்க. போய் அங்க எந்த ஃபேனு சுத்தலைன்னு பாருங்க."

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "போதும், ரெண்டு பேரும் சும்மா இருங்க. அப்பா போனை எடுத்துட்டுப் போகட்டும். சிவப்பு விழுந்தா விழட்டும்" என்றாள். அது பெரிய மனுஷி குரல். அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று போன் யாரோடாவது போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் முழுசாக உதவவில்லை.

பிறகு நவராத்திரி வந்தது. டில்லியில் அந்தச் சமயம் பள்ளிக்கூடங்களுக்கு தசரா லீவு விட்டுவிடுவார்கள். லீவுக்கு முன்னால் கொடுத்த பாடத்தை எல்லாம் அவள் எழுதிப் போட்டு முடித்திருந்தாள். எல்லாம் பச்சை. என்னிடம் காட்டினாள்.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் பலகை போட்டு, என் கல்யாணப் பட்டுப் புடவையை மடித்து விரித்து, அதன்மேல் மகளின் புத்தகங்களை அடுக்குவேன். பக்கத்தில் அவர் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர். என் கரண்டியும் அரிவாள்மணையும் ஒரு ஓரத்தில். பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டியபிறகு மறுநாள் விஜயதசமி காலை வரை எதையும் தொடக்கூடாது. அன்றைக்குச் சமைக்கக்கூட வேறு கரண்டிதான். தொட்டால் அது ஓய்வைக் கெடுப்பது. வருஷம் முழுக்க நமக்கு உழைக்கிற சாமான்களுக்கு அம்மாள் கொடுக்கிற ஒரு நாள் லீவு அது.

புத்தகங்களை அடுக்கி முடித்துவிட்டு நான் நின்றேன். டைரி இருந்த வருஷங்களில் அதுதான் அடுக்கின் உச்சியில் இருக்கும். அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது.

"போனை வைக்கலாமா?" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "ஆப்புக்கும் பொட்டு வைப்பியா?"

அவர்தான் சொன்னார். "வச்சிடு. அவ பாடம் அதுக்குள்ளதான் கீது. என் வேலை அதுக்குள்ளதான். நீ இட்லி மாவு ஆட்டி விக்கிறதுக்கு நாலு வீட்டுக்குச் சொல்றதும் அதுலதான். இந்த வீட்டுக்கு அதைவிட ஆயுதம் எது?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாள் முழுக்க மூன்று பேர் கையிலும் மாறி மாறி உழைத்து, ராத்திரிகூடச் சூடாகவே கிடக்கிற சாமான். அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா? மகள் அதை அணைத்தாள். நான் துடைத்து, பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தகங்களின் உச்சியில் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது அதன் கண்ணாடியில் சுடர் தெரிந்தது. மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். அந்த வருஷத்தில் நாங்கள் சண்டை இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்ததும், பலகையிலிருந்து எடுத்து முதலில் ஒரு வரியாவது வாசிக்கவேண்டும். அன்றைக்கு வாசித்தது வருஷம் முழுக்க நிற்கும் என்பது நம்பிக்கை. மகள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள்.

"எதை வாசிக்கட்டும்?"

"மேல இருக்கிறதை எடு."

போனை எடுத்து உயிர்ப்பித்தாள். அது டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சிரித்துக்கொண்டே ஆப்பைத் திறந்தவள், சிரிப்பை அப்படியே விட்டுவிட்டாள். வாய்விட்டு வாசிக்கவில்லை. நான்தான் வாசி, வாசி என்றேன். வாசித்தாள். முதலில் இங்கிலீஷில், பிறகு எனக்காகத் தமிழில்.

இலவச இடத்துப் பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்பில் தொடர விரும்புகிறவர்கள், லீவு முடிந்ததும் நடக்கும் கமிட்டிக்கு இன்று மாலைக்குள் ஆப்பில் பெயர் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யாதவர்கள் தொடர விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்த 'இன்று' என்பது நேற்று. நாங்கள் கற்பூரம் காட்டிய நாள்.

"லீவு நாள்லயா அனுப்புவாங்க?" என்றார் அவர். அதுவே திரும்பத் திரும்ப. "லீவு நாள்லயா?" டைரிக்கு லீவு என்றால் லீவு, அது பிள்ளையோடு பைக்குள் தூங்கும். இதற்குத் தூக்கம் கிடையாது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

மகள் அந்தச் சேதிக்குப் பதில் எழுதப் பார்த்தாள். பதில் எழுத முடியாத சேதி அது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு ஊரே ராவணனை எரித்தது. எங்கள் சந்திலும் பட்டாசு வெடித்தார்கள். நான் செய்த சுண்டலை யாரும் தொடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஒரு வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு போனேன். அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த அம்மாளின் மணிக்கட்டில் நவராத்திரிச் சிவப்புக் கயிறு புதுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவள். சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

"ஏன் பதிவு பண்ணலை?"

"ஜீ, அன்னிக்கு சரஸ்வதி பூஜை. எங்க வழக்கத்துல புத்தகத்தைத் தொடமாட்டோம். பாடம் போன்ல இருக்கிறதால போனையும் பூஜையில வச்சிட்டோம்."

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரனும் திரும்பிப் பார்த்தான்.

"போனையா? நானும் ஒன்பது நாள் விரதம் இருந்தவதான் தீதி. போனை யாரு பூஜையில வைப்பா?"

"நாங்க வைச்சோம் ஜீ."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். பிறகு அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் மகள் பெயருக்கு நேரே கட்டம் கட்டமாக நிறம். நடுநடுவே பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. படிக்கத் தெரியாதவளுக்கும் புரிகிற மாதிரிதான் இருந்தது.

"எழுதினதெல்லாம் எழுதினா ஜீ. போன் அவ அப்பாகிட்ட இருக்கும், அதனாலதான் லேட்டு."

"இருங்க" என்று சொல்லி ஆளனுப்பி மகளை வரவழைத்தாள். நல்லது செய்யத்தான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். மகள் வந்து நின்றதும், "பேட்டா, அன்னிக்கு ஏன் ஆப் பார்க்கலை?" என்று கேட்டாள்.

என் பெண் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மேம், நெட்வொர்க் நஹீன் தா" என்றாள். நெட்வொர்க் இல்லையாம்.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அம்மா ஒண்ணு சொல்றாங்க. பொண்ணு ஒண்ணு சொல்றா. நான் கமிட்டிக்கு எதைச் சொல்லட்டும்?"

மகள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணில் அன்றைக்கு நான் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு மேடம் கேள்விப்பட்டு வேகமாக வந்தார். பொண்ணு நல்லவள், எனக்குத் தெரியும் என்றார். "நான் டைரியில ரெண்டு வரி எழுதி அனுப்பியிருந்தா இவங்க அன்னிக்கே வந்து நின்னிருப்பாங்க" என்றார். ஆபீஸ்காரி, "மேம், நான் என்ன செய்ய, சிஸ்டம் மூடிடுச்சு" என்றாள். மேடமே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். தமிழில்தான் போட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏண்டி பொய் சொன்னே?"

"நீ உண்மையைச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது."

"தசமி முடிஞ்ச கையோட நான் பொய் சொல்லணுமா? அதுவும் சாமி விஷயத்துல?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க சிரிப்பாங்கன்னுதாம்மா. உன்னைப் பார்த்து."

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு என்ன போச்சு?"

"உனக்கு ஒரு நாள், ம்மா. எனக்கு டெய்லி."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக அந்த டெய்லி என்று கேட்டிருக்கவேண்டும். மஞ்சள் வாசனைக்கு மேடம் சிரித்த மாதிரி வேறு பிள்ளைகளும் சிரித்தார்களா, அது வேறு மாதிரிச் சிரிப்பா என்று கேட்டிருக்கவேண்டும். பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் யாரோ போனில் பாட்டு வைத்திருந்தார்கள்.

விண்ணப்பத்துக்குப் பதில் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஆப்பிலேயே வந்தது. நான்தான் திறந்தேன், அன்றைக்குப் போன் வீட்டில் இருந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு அந்த நீல டிக் கீழே விழுந்தது. மகள் வந்து வாசித்தாள். முடியாது என்பதைத்தான் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நானும்தானே வைக்கச் சொன்னேன்" என்றார். நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அம்மாளுக்கு முன்னால் வைத்தது எப்படித் தப்பாகும்? ஆனால் அதை வைத்த கையையும் என் பெண்ணின் படிப்பையும் சேர்த்து நினைத்தால் சில நாள் விளக்கேற்றும்போது கை நிற்கிறது. முருகா என்று சொல்லிவிட்டு ஏற்றுகிறேன்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு, அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடம். நல்லதைச் சொல்லவேண்டும், டீச்சர்கள் வருகிறார்கள், பாடம் நடக்கிறது. பாடத்தைப் பலகையிலும் எழுதிப் போடுகிறார்கள், வாட்ஸாப்பிலும் அனுப்புகிறார்கள். ஒரு வகுப்பில் அவ்வளவு பிள்ளைகள். யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று பார்க்க ஆளுக்கு நேரமில்லை. முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, என் மகள் எப்படி என்று கேட்டேன். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்து, யார் என்று நினைவுக்குக் கொண்டுவந்து, "சுப் ரெஹ்தீ ஹை. பேசவே மாட்டா. நல்ல பொண்ணு" என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். கேட்டால் பதில். போனை எந்நேரமும் கையில் வைத்திருக்கிறாள். பாடம் இருக்கிற நேரத்தில் மட்டுமில்லை. குளிக்கப் போகும்போது ஜன்னல் திட்டில் வைத்து, கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். ஏதாவது வந்துவிட்டதா என்று. அவள் அப்பா திரும்பவும் பட்டன் போனுக்குப் போய்விட்டார். கான்ட்ராக்டரிடமிருந்து விலகி, ஒரு கட்டடத்தில் இரவு காவலுக்குப் போகிறார். அதற்குப் போன் வேண்டியதில்லை.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. பலகை போட்டு, பட்டுப் புடவையை விரித்தேன். அவருடைய டெஸ்டரையும் பிளேயரையும் துடைத்து வைத்தேன். என் கரண்டியை வைத்தேன்.

"புஸ்தகத்தைக் கொண்டா" என்றேன்.

அவள் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம்மா. நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

நாளைக்கு லீவு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வற்புறுத்தவில்லை. புத்தகம் வைக்கிற பக்கம் புடவை மட்டும் இருந்தது. அதன் ஜரிகைமேலேயே பூவை வைத்து, அம்மா, அவள் கொண்டுவந்து வைக்கவில்லை, நீயே அவள் இருக்கிற மூலைக்குப் போ என்று வேண்டிக்கொண்டு கற்பூரம் காட்டினேன்.

மணிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். ஒரு கையால் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொரி கடலை நீட்டினேன். பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவள் நான். அவள் இன்னொரு கையில் போன் இருந்தது. ஒரு கையாலேயே வாங்கிக்கொண்டாள்.